எட்டடி மச்சக்காரி

"படம் அருமையா வந்திருக்கு தங்கச்சி. ஆனா மச்சம் எங்க?"

போனில் கேட்டவர் ஜெயராஜ். சுங்கை வேயில் சுவர் அளவு விளம்பரப் படங்களை அச்சடித்துக் கொடுப்பவர். பிரிக்பீல்ட்ஸ் மாடி ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து பால் விடாத தே ஓ ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த நிலானிக்குக் கேள்வியே புரியவில்லை.

"என்ன மச்சம் அண்ணே?"

"என்ன மச்சமா? தாரகா மச்சம்லா. கன்னத்துல இருக்குமே. உலகத்துக்கே தெரியுமே."

உலகத்தில் நிலானி சேர்த்தி இல்லை. எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சை எழுதி முடித்த பதினேழு வயதுப் பெண். மனதளவில் கொரியாவில் குடியேறிப் பல வருடமாகிறது. தமிழ்ப் படம் பக்கமே போவதில்லை. சென்னையிலிருந்து வரும் தாரகா பெரிய நடிகை என்று தெரியும். அந்தப் பெரிய நடிகையின் பெரிய புகழெல்லாம் ஒரு சின்ன மச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அவசரமாகக் கணினியைத் திறந்தாள். திரை முழுக்கத் தாரகா. பளிங்கு மாதிரிக் கன்னம். மச்சமும் இல்லை, மச்சம் இருந்த அடையாளமும் இல்லை.

நிலானி தே ஓ ஐஸைத் தள்ளி வைத்தாள்.

முந்தின நாள்தான் அவளுடைய முதலாளி, சென்னைக்குப் போய் எடுத்து வந்த படத்தைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நிலா, முகத்துல தூசி, புள்ளி, முடி எது இருந்தாலும் கிளீன் பண்ணு. பண்ணிட்டு ஜெயராஜுக்கு அனுப்பிடு." அவளும் மூஞ்சியைப் பெரிதாக்கி, கொசுக்கடியைக்கூட விட்டுவைக்காமல் துடைத்துத் தள்ளினாள். எத்தனை புள்ளியை அழித்தோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அதில் ஒன்றுதான் உலகப் புகழ் பெற்ற புள்ளியாக இருந்திருக்கும். போதாததற்கு, பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தும் வைத்துவிட்டாள். அசல் படம் இருக்கும் மெமரி கார்டு முதலாளியின் பையில், பை அவருடைய காரில், கார் தாரகாவை அழைத்து வர விமான நிலையத்துக்குப் போயிருந்தது.

முதலாளி பிரகலாதன் சாதாரண ஆள் இல்லை. சிங்கப்பூர் பத்திரிகை அட்டைகள் வரை போன ஃபேஷன் போட்டோகிராபர். ஐம்பதைத் தாண்டியும் எல்லாரும் தன்னைப் 'பிரகா' என்று கூப்பிட வேண்டும் என்பார். நிலானியின் அம்மாவுக்கு ஏதோ ஒரு வழியில் அண்ணன் முறை. அந்த வழியில்தான் அவளுக்கு இந்த மூன்று மாத வேலை கிடைத்தது. அங்கிள் என்று கூப்பிட்டால் முறைப்பார், பிரகா என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வளையாது. அதனால் இதுவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டியிருந்தாள்.

"முகத்தைப் பார்க்காதே. முகத்துல விழற வெளிச்சத்தைப் பாரு" என்பது அவர் தினமும் ஓதும் மந்திரம். அச்சுக்குப் போகுமுன் படத்தைக் காட்டியபோதும் போனில் ஒரு நொடி பார்த்துவிட்டு, "லைட் பெர்ஃபெக்ட், அனுப்பு" என்றார்.

இன்றைக்கு அவர் நிலானியின் அம்மாவிடம் பேச வேண்டிய நாள். 'பிள்ளைக்குக் கை இருக்கு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நிலானி போட்டோகிராபி படிக்கலாம். சொல்லாவிட்டால் அக்கவுண்டன்சி. அம்மா அதற்கான கல்லூரியைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள். பணம் கட்டுவதுதான் பாக்கி.

"அண்ணே, நான் இப்பவே மச்சம் போட்டு அனுப்பறேன். திருப்பி அடிச்சிடுங்க" என்றாள் நிலானி.

"எங்கம்மா அடிக்கிறது? மரச்சட்டம் போட்டாச்சு, லோரில ஏத்தியாச்சு. இந்நேரம் ஷா ஆலம் தாண்டியிருக்கும். போறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் எடுத்தேன். அதை இப்பத்தான் பார்த்தேன்."

"டிரைவரைத் திரும்பக் கூப்பிடுங்க அண்ணே."

"அவன் வண்டி ஓட்டறப்ப போன் எடுக்க மாட்டான். நல்ல பையன்."

அந்த நல்ல பையன் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே காதர் பாயின் புதிய ஜவுளிக்கடை அன்று சாயந்தரம் திறப்பு விழா. வாசலுக்கு நேரே நிற்கப்போகும் எட்டடிப் படத்தைத் தாரகாவே வந்து திறந்து வைக்கிறாள். கடையில் புதிதாக இறக்கியிருக்கும் சேலைக்குப் பெயர் 'மச்சக்காரி பட்டு'. பெயர்ப்பலகையில், பையில், பில் புத்தகத்தில், எல்லாவற்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. படத்தில் மட்டும் இல்லை.

நிலானி ஒரு முடிவுக்கு வந்தாள். மச்சம் என்பது என்ன? கறுப்பு வட்டம். கறுப்பு வட்டத்துக்கு இந்தத் தெருவில் பஞ்சமா?

கீழே இறங்கிப் பொட்டுக் கடைக்கு ஓடினாள். 'தாரகா மச்சம்' என்றே அட்டை அட்டையாகத் தொங்கியது. ஒவ்வொன்றும் கடுகு அளவு. எட்டடி முகத்தில் அதை வைத்தால் ஈ உட்கார்ந்த மாதிரிகூடத் தெரியாது.

"அக்கா, இதுலயே பெருசு இருக்கா? இருபது காசு அளவுக்கு?"

கடைக்கார அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கு?"

"கன்னத்துல வைக்க."

"அம்மை போட்டிருக்கா?"

கடைசியில் கிடைத்தது அரக்குச் சிவப்பு வெல்வெட் பொட்டு. நெற்றி நிறைய வைப்பவர்கள் வாங்குவது. அதைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிக்கொண்டே கிராப் காரில் ஏறினாள். அப்போதுதான் அடுத்த சந்தேகம் வந்தது. எந்தக் கன்னம்?

போனில் தேடினாள். ஒரு படத்தில் இந்தப் பக்கம், இன்னொரு படத்தில் அந்தப் பக்கம். செல்ஃபி எடுத்தால் இடம் வலம் மாறும், அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் அம்மா குணபூசணி தாரகா நடித்த படம் ஒன்றையும் விட்டதில்லை.

"அம்மா, தாரகாவுக்கு மச்சம் எந்தக் கன்னம்?"

"இதென்ன கேள்வி பிள்ளை. இடது கன்னம்."

"அவங்க இடதா, நம்ம இடதா?"

"மச்சத்துல என்ன நம்ம, அவங்க? டிவில பார்க்கறப்ப இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்மா?"

"இந்தா, கையை வச்சுக் காட்டறேன்ல. இந்தப் பக்கம்."

"அம்மா, இது போன்."

"ஏன் கத்தற? நாம பார்க்கறப்ப இடது. எதுக்கு இப்ப அது?"

"சும்மாதான்."

"சரி, நானும் சாயந்தரம் கிள்ளானுக்கு வரேன். காதர் பாய் கார்டு அனுப்பியிருக்கார். பிரகாவையும் நேர்ல பார்த்து உன் விஷயம் கேட்டுடறேன்."

ஃபெடரல் ஹைவே நெரிசலில் நிலானி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கவுண்டன்சி புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன.

கிள்ளானில் லோரி முந்திவிட்டது. படம் கடை நடுவில் சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி நின்றது. சுற்றிலும் ஆட்கள் பலூன் ஊதுவதும் சேலை மடிப்பதுமாக இருந்தார்கள். நிலானி ஒரு ஏணியை இழுத்துப் போட்டு, துணிக்குள் தலையை விட்டு, பார்ப்பவருக்கு இடப்பக்கம் வரும் கன்னத்தில் பொட்டை அழுத்தினாள். கச்சிதம். நிஜ மச்சம் தோற்றது.

"யாரும்மா அது, துணிக்குள்ள?"

ஏணிக்குக் கீழே காதர் பாய்.

"நான்... பிரகா ஸ்டூடியோ, அங்கிள். ஃபைனல் டச்."

காதர் பாயின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, இதுதான் கலைஞர் வேலை. கடைசி நிமிஷம் வரைக்கும் விடமாட்டாங்க. எங்க, நானும் பார்க்கறேன்." துணியை ஒதுக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "மச்சம் அந்தப் பக்கம்லா இருக்கணும்?"

"இல்ல பாய், இந்தப் பக்கம்தான் கரெக்ட்" என்றான் சேலைப் பிரிவு ஆள் ஒருவன்.

"உனக்கென்ன தெரியும்? வலது" என்றான் வேட்டிப் பிரிவு.

ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். ஆளுக்கொரு ஆதாரம் வைத்திருந்தார்கள். சேலைப் பிரிவு மொத்தமும் இடது, வேட்டிப் பிரிவு மொத்தமும் வலது என்று கடை இரண்டாகப் பிரிந்தது. பில் போடும் பெண் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல், மச்சம் தாடையில் என்றாள். அவளை யாரும் பொருட்படுத்தவில்லை.

"நம்ம பேனர்ல வலது பக்கம் போட்டிருக்கோம்" என்று காதர் பாய் தீர்ப்புச் சொன்னார். "பேனரை மாத்த முடியாது. மச்சத்தை மாத்த முடியுமாம்மா?"

"ஃபைனல் டச்சுல எல்லாம் முடியும் அங்கிள்."

காதர் பாய் ஆட்களைத் துரத்திக்கொண்டு போனதும் பொட்டை உரித்தாள். பொட்டு வந்தது, மார்க்கர் மை அங்கேயே தங்கிவிட்டது. இப்போது தாரகாவுக்கு இடது கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி ஒரு கறை. ஈரத் தாளால் துடைத்தாள். கறை போனது. ஆனால் துடைத்த கையிலேயே இருந்த பொட்டும் நனைந்து, பசையை விட்டுவிட்டு, வெறும் துணித்துண்டாகச் சுருண்டது. வலது கன்னத்தில் வைத்தாள், விழுந்தது. அழுத்தினாள், விழுந்தது. ஊதி ஊதி வைத்தாள், விரலோடு வந்தது.

"என்னம்மா, திருஷ்டிப் பொட்டா?"

வாசல் தோரணத்துக்குப் பூ கொண்டுவந்த பவுனம்மாள், கூடையை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமாக்கா, திருஷ்டிதான். ஒட்ட மாட்டேங்குது." நிலானியின் குரல் உடைந்தது.

"இதுக்கா அழுவறே? இவ்வளவு அழகா இருந்தா கண்ணுபடத்தான் செய்யும். வைக்கணும்தான். ஒரு பருக்கை சோறு போதும். எங்க காலத்துல கல்யாணப் பத்திரிகையெல்லாம் சோத்துலதான் ஒட்டுவோம்."

பவுனம்மாள் கூடைக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, நாலு பருக்கையை விரலால் நசுக்கி, பொட்டின் முதுகில் தடவி மேலே நீட்டினாள். நிலானி வலது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். நின்றது. அப்படியே நின்றது. அவளுக்குப் பவுனம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது.

துணியை இழுத்து மூடிவிட்டு இறங்கும்போதுதான் மூக்கில் ஏறியது. பாண்டான் இலை வாசனை, தேங்காய்ப்பால் வாசனை.

"அக்கா, அது என்ன சோறு?"

"நாசி லெமாக்தான். முட்டையோட. ஏன், பசிக்குதா?"

தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. பசை பாதி, எண்ணெய் பாதி. நிலானி மறுபடி ஏணியில் கால் வைத்தாள். அதற்குள் வாசலில் மேளம் அடித்தது. தாரகா வந்துவிட்டாள்.

கூட்டம் அலை மாதிரி உள்ளே புகுந்து, நிலானியை ஏணியோடு சேர்த்துச் சுவர் ஓரம் தள்ளியது. எக்கிப் பார்த்தாள். முதலில் தேடியது தாரகாவின் கன்னத்தைத்தான். மச்சம் வலது பக்கம், அதாவது பார்ப்பவர்களுக்கு வலது. வேட்டிப் பிரிவு கை தட்டியது. சேலைப் பிரிவு பலூனைப் பார்த்துக்கொண்டது.

இடம் சரி. இனி நாசி லெமாக் கை கொடுத்தால் போதும்.

தாரகாவுக்குப் பின்னால், மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வயதான அம்மா வந்தாள். கூட்டத்தில் மூச்சு வாங்க, "வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்றபடி வந்தவளை யாரும் கவனிக்கவில்லை. "அதான் சீதாலெட்சுமியம்மா. தாரகா முகத்தை அவங்களைத் தவிர யாரும் தொட முடியாது" என்று பில் போடும் பெண் யாருக்கோ சொன்னாள்.

முன்வரிசையில் குணபூசணி பட்டுச் சேலையில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக் கையசைத்தாள். பக்கத்து நாற்காலியில் ஒய்பி, அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவர் பேசி முடிப்பதற்குள் தேங்காய்ப்பால் காய்ந்துவிடும் என்று நிலானி நம்பினாள். அவர் அன்றைக்கென்று சுருக்கமாகப் பேசினார்.

அடுத்து மைக் பிரகலாதன் கைக்கு வந்தது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"ஆயிரம் முகம் எடுத்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "எல்லாரும் முகத்தைப் பார்ப்பாங்க. நான் பார்த்தது அந்த மச்சத்தை. இந்தப் படத்துக்கு உயிரே அதுதான். அந்த மச்சத்துக்குன்னு தனியா ஒரு லைட் வச்சேன். அதைச் சுத்தித்தான் இந்தப் படத்தையே கட்டினேன். ஒரு மணி நேரம் அதை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

கைதட்டல். நிலானி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பொட்டு ஒட்டியதைவிட நன்றாகவே ஒட்டினாள்.

தாரகா கயிற்றைப் பிடித்தாள். ஒரு நொடி மோந்து பார்த்தாள். "இங்க யாரோ நாசி லெமாக் சாப்பிடறீங்களா?" என்று சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. கயிற்றை இழுத்தாள்.

சிவப்புத் துணி மெல்ல, ஒய்யாரமாக, படத்தின் முகத்தைத் தடவிக்கொண்டே இறங்கியது. போகிற வழியில் வெல்வெட் பொட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கீழே குவிந்த துணியின் மேல் ஒரு கறுப்பு வட்டம், முதுகில் நாலு பருக்கையோடு, கூரையைப் பார்த்துக் கிடந்தது.

மேலே எட்டடித் தாரகா. பளிங்குக் கன்னம்.

கைதட்டல் பாதியில் நின்றது. வேட்டிப் பிரிவும் சேலைப் பிரிவும் அன்றைக்கு முதல் முறையாக ஒன்றுபட்டு வாயைப் பிளந்தன. தாரகாவின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது.

"மச்சம் எங்க பிரகா?" காதர் பாயின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரைக்கும் கேட்டது. "மச்சக்காரி பட்டுன்னு ஊரெல்லாம் பேனர் கட்டியிருக்கேன். மச்சம் எங்க?"

பிரகலாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார் என்றே சொல்லலாம், அநேகமாக முதல் தடவை.

"நான் எடுத்தப்ப இருந்துச்சு பாய். என் கண்ணால பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன்." அவருடைய பார்வை கூட்டத்தைத் துழாவி, சுவர் ஓரம் வந்து நின்றது. "கிளீன் பண்ணினது அந்தப் பிள்ளைதான். அதுதான் அழிச்சிருக்கு. நல்லா வருவான்னு நினைச்சுச் சேர்த்தேன். குணா, உன் பொண்ணு பண்ணின வேலையைப் பாரு."

எல்லாத் தலைகளும் திரும்பின. குணபூசணி தலையை மட்டும் மெல்லக் குனிந்துகொண்டாள். நிலானியால் தாங்க முடியாதது அந்த ஒன்றுதான். அக்கவுண்டன்சியே வந்தாலும் வரட்டும், அம்மா இந்தக் கூட்டத்தில் தலை குனிய வேண்டாம் என்று தோன்றியது. முன்னே வந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வார்த்தை தானாக வெளியே வந்து விழுந்தது.

"அங்கிள், சாரி அங்கிள். நான்தான்..."

அவள் முடிப்பதற்குள் பின்னால் சலசலப்பு. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு, மேக்கப் பெட்டியோடு சீதாலெட்சுமி அப்போதுதான் படத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பிறகு தாரகாவைப் பார்த்து, பிரகலாதனின் கையில் மைக் இன்னும் ஆனிலேயே இருப்பது தெரியாமல், அவர் தோளருகில் நின்று ரகசியமாகச் சொன்னாள்:

"என்னை மன்னிச்சிடு பாப்பா, அன்னைக்குப் போட்டோ பிடிக்கிறப்ப அவசரத்துல உனக்கு மச்சம் வைக்கவே மறந்துட்டேன் போலிருக்கு."